காருக்குப் போகாத கோட்டு

ஆக்லாந்தில் எங்கள் ஆட்கள் மத்தியில் எனக்கு "இங்கிலாந்துக்காரர்" என்று ஒரு பட்டம் உண்டு. யாரும் விரும்பித் தந்ததில்லை. நானே ஓயாமல் சொல்லிச் சொல்லி வாங்கியது. கிளென்ஃபீல்ட் மாலில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், "இதெல்லாம் ஒரு சிப்ஸோ? வினிகர் ஊறி, கடதாசி நனைஞ்சு, கை சுட்டு... அதுதான் சிப்ஸ்" என்று தொடங்கிவிடுவேன். மழை பெய்தால், இதுவும் ஒரு மழையா என்பேன். குளிர்ந்தால், அங்கே குளிர்ந்தது போலவா என்பேன். என் மனைவி கோயம்புத்தூர்க்காரி. ஒரு அளவுக்கு மேல் பொறுக்க மாட்டாள். "அப்ப அங்கயே இருந்திருக்கலாம்ல? உங்கள இங்க யாருங்க வெத்தல பாக்கு வச்சு அழைச்சா?" என்பாள்.

உண்மையைச் சொல்கிறேன். அங்கே இருந்த காலத்தில் அந்த ஊர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை என் வாயில் வந்ததில்லை. அப்பா ஆஸ்பத்திரி டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து போனவருக்குப் பெரிய ஊர்களில் யாரும் வேலை தரவில்லை. வடக்கு இங்கிலாந்தில் மற்றவர்கள் போகாத ஊர்களில், வருடத்துக்கு ஒரு ஒப்பந்தமாகக் கிடைத்தது. பர்ன்லி, கிரிம்ஸ்பி என்று ஆறு வருடத்தில் ஐந்து ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஆஸ்பத்திரிக்காரர் தந்த ஈரச்சுவர் வீடு, புதுப் பள்ளிக்கூடம், முதல் நாள் அழுகை. அழுதது நான்தான். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா அழவில்லை. இப்போது பூமியின் மறுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஈரச்சுவரை நினைத்து உருகுகிறேன். வெட்கம் கெட்ட மனம்.

எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று இருந்தது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறும் முன் வீட்டிலுள்ள கோட்டுகள் எல்லாம் காருக்குள் போய்விட வேண்டும். அந்த வீடுகளில் குசினிக் கதவுக்குப் பக்கத்தில்தான் கோட்டு மாட்டும் கொக்கிகள் இருக்கும். கம்பளிக் கோட்டு ஒரு தடவை மீன் பொரியல் வாசத்தைப் பிடித்தால் பங்குனி வரை விடாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவில் அந்த வாசத்தோடு போய் உட்கார்ந்தால் தெரியும் சங்கதி. ஆகவே அம்மா மீனுக்கு மஞ்சள் பூசும்போதே, "கோட்டு!" என்று ஒரு சத்தம் போடுவார். கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு வருவது வீட்டின் கடைக்குட்டியின் வேலை. அதாவது என் வேலை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் எங்கள் ஆட்கள் வீட்டுக் கார் ஒவ்வொன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் அலுமாரியாகத்தான் நின்றது.

மூன்றாவது ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊரின் பெயர் வேண்டாம், ஊர் என்ன பாவம் செய்தது. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினாலு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அம்மா சத்தம் போட்டார். அப்பா தன் கோட்டோடு டியூட்டிக்கு நடந்தே போய்விட்டார், அம்மாவுடையது ஏற்கனவே காருக்குள் கிடந்தது. கொக்கியில் மிச்சம் தொங்கியது இரண்டே கோட்டு. நான் என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அக்காவின் கோட்டு உயரத்தில் தொங்கியது, கை எட்டவில்லை என்று நாற்பது வருடமாக எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். நன்றாக எட்டும். அன்று மத்தியானம் அக்காவோடு சண்டை, அவ்வளவுதான். எதற்குச் சண்டை என்பதுகூட நினைவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் பெட்டைப் பிள்ளைகள் மூன்று பேர் அக்காவைப் பார்த்து மூக்கைப் பொத்தினார்கள். அப்புறம் ஐந்து பேர். சிரிப்பு கேட்டு என் வகுப்புப் பொடியன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது உன் அக்காவா?" என்று என்னைக் கேட்டான். "இல்லை" என்றேன். "அப்படியானால் யார்?" என்றான். "தெரியாது" என்றேன். இதைவிட மடத்தனமான பொய் உலகத்தில் இருக்குமா? அந்தப் பள்ளிக்கூடம் முழுவதிலும் எங்கள் நிறத்தில் இரண்டே பேர். மூக்கும் ஒரே மூக்கு, அப்பாவுடைய கத்தரிக்காய் மூக்கு. அவன் என்னையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். அக்கா நாலைந்து அடி தள்ளித் தலையைக் குனிந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றார். அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

இதுதான் நடந்தது. நான் ஆக்லாந்தில் சொல்லும் கதையில் இது நடக்காது. அதில் கோட்டை எடுக்க மறந்தது அம்மா. அக்காவைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது, பதினொரு வயது வீரன் ஒருவன் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு போய், தன் கோட்டைக் கழற்றி அக்காவுக்குக் கொடுக்கிறான். மீன் மணக்கும் அக்காவின் கோட்டை, முழங்கால் வரை தொங்கத் தொங்க, தான் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் திரிகிறான். பதினாலு வயதுக்காரியின் தோளுக்கு அவன் கோட்டு எப்படி ஏறியது என்று இத்தனை காலத்தில் ஒரு மனிதர் கேட்டதில்லை. முதலில் இந்தப் புளுகை மனைவியிடம்தான் விட்டேன், கல்யாணத்துக்கு முன். கண் கலங்கினாள். அந்த ருசி பிடித்துப்போய், விருந்துகளில், பிறந்தநாள் வீடுகளில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மண்டபத்தில் மைக் பிடித்துக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பனியையும் சேர்த்து விழுத்துவேன்.

போன குளிர்காலத்தில் பதினொரு வயது மகளின் பள்ளிக்கூடத்தில் ஸ்பீச் போட்டி. தலைப்பு, என் குடும்பத்தில் ஒரு ஹீரோ. வேறு யார், அப்பாதான். கோட்டுக் கதையை ஆங்கிலத்தில் எழுதி, கண்ணாடி முன் நின்று பழகி, வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டாள். அடுத்த வியாழக்கிழமை முழுப் பள்ளிக்கூடத்துக்கும் முன்னால் இறுதிப் போட்டி. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த அந்த வாரம், லீட்ஸிலிருந்து அக்காவின் போன். "டிக்கெட் போட்டாச்சு. ஞாயிறு வாறன்."

அக்கா ஆக்லாந்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. கதையின் ஒரே சாட்சி நேரில் வந்து சாப்பாட்டு மேசையில் உட்காரப்போகிறார், அவர் எதிரிலேயே மகள் ஸ்பீச்சைச் சொல்லப்போகிறாள். அக்கா உண்மையைச் சொன்னால் மகள் பார்வையில் என் கதி என்ன? சொல்லாவிட்டால், அக்கா பார்வையில் என் கதி என்ன? மகளிடம், "மாமி களைச்சு வருவா, ஸ்பீச் எல்லாம் பிறகு பாக்கலாம்" என்று பார்த்தேன். மனைவி விடவில்லை. "ஏங்க, அவங்களைப் பத்தின கதை, அவங்க கேக்க வேணாமா?" என்றாள்.

வந்த அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மகள் எழுந்து நின்று தொடங்கினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பேசினாள். பனி விழுந்தது. பெட்டைகள் சிரித்தார்கள். வீரன் வந்தான். நான் தட்டில் இருந்த கறிவேப்பிலையை எண்ணிக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மகள் அக்காவைப் பார்த்து, "இஸ் இட் ரைட், மாமி?" என்றாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம் பிள்ளை, அப்பிடித்தான்" என்றார். பிறகு, "உன்ர அப்பா அண்டைக்குக் குளிரில நல்லா நடுங்கிப் போனார்" என்று தன் பங்குக்கும் ஒரு பிடி சேர்த்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது. அதோடு நிறுத்தினேனா? "நடுக்கம் எண்டா நடுக்கம்! பல்லுக் கிட்டிப் போச்சு" என்று ஒத்து ஊதினேன் பாருங்கள், அந்த வாயைத் தைத்தால் என்ன?

மறுநாள் அக்கா விளைமீன் பொரித்தார். இங்கே எங்கள் வீட்டில் பொரியல் எல்லாம் கராஜில், காஸ் அடுப்பில்தான். நான் பக்கத்தில் நின்று பொரிந்த துண்டுகளை எடுத்து வைத்தேன். மகள் பள்ளிக்கூடத்தில், மனைவி வேலையில். அக்கா அகப்பையால் மீனைப் புரட்டிக்கொண்டே, ஊர்ப் புதினம் கதைப்பது போலக் கதைத்தார்.

"நீ ஒரு கோட்டோட ஓடினதை நான் கண்டனான்."

நான் பொரிந்த துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"மேல யன்னலடியில நிண்டு படிச்சுக்கொண்டிருந்தனான். இறங்கி வந்து என்ர கோட்டை நானே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். நீ திரும்பி வருவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அம்மா மீன் பொரிச்சு முடிக்கும் மட்டும்."

"பிறகேன் நேற்றுப் பிள்ளையிட்ட ஓம் எண்டு சொன்னனீங்கள்?" என்றேன்.

"அவள் என்னைப் பாத்த பார்வைக்கு வேற என்னத்தைச் சொல்லுறது? அதோட அந்தக் கதையில வாற பொடியன் நல்ல பொடியன். எனக்கும் அவனைப் பிடிச்சுது" என்றார் அக்கா. கிண்டல் இல்லை. மெய்யாகவே சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்னேரம் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது, காரை ஒரு ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு கோட்டோடு ஓடியதை, இல்லை என்றதை, தெரியாது என்றதை. தான் முழு வகுப்புக்கும் முன்னால் நின்று சொன்னது பொய்யா என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். ஆமா என்றேன். மனைவி பக்கத்தில் இல்லாவிட்டாலும் மகளிடம் பேசும்போது எனக்கு ஓம் வராது, ஆமாதான் வருகிறது. அவள் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நான் பார்த்ததில்லை. "ஹீரோவை மாத்தணும்" என்று மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு கேட்டாள், "டிட் யூ ஸே ஸாரி?"

இல்லை. எங்கள் வீட்டில் ஸாரி என்பது பஸ்ஸில் காலை மிதித்தவர்களுக்குச் சொல்வது. அப்பாவும் அம்மாவும் சொல்லி நான் கேட்டதில்லை. சண்டை முடிந்ததென்றால், "சாப்பிட வா" என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி. இதை அவளுக்கு விளக்கப் போனேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஸோ, நோ" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் முன்னால் நின்றேன்.

"அக்கா, ஸாரி."

"என்னத்துக்கு? கோட்டுக்கோ?" அக்கா சிரித்தார். "போடா, விசரா."

"கோட்டுக்கு இல்லை. வாசல்ல வச்சு அவன் கேக்க, உங்களைத் தெரியாது எண்டு சொன்னதுக்கு. உங்களுக்குக் கேட்டதோ தெரியேல்லை."

துணி மடித்த கை நின்றுவிட்டது. "கேட்டது" என்றார். என் சட்டை ஒன்று அவர் மடியில் பாதி மடிப்பில் கிடந்தது. "அண்டைக்குப் பின்னேரம் வந்து சொல்லுவாய் எண்டு பாத்தன். ரெண்டு அடி போட்டு முடிச்சிருப்பன்."

"இப்ப போடுங்கோவன்" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். எதையும் பகிடியாக்கித் தப்பித்தே பழகியவன்.

அக்கா எழுந்து என் முதுகில் அடித்தார். விளையாட்டு அடி இல்லை. நொந்தது. இரண்டாவது அடிக்கு, "தெரியாதாம்" என்றார். மூன்றாவது அடிக்கு, "என்னைத் தெரியாதாம்" என்றார், குரல் உடைந்துவிட்டது. ஐந்து ஊர்களிலும் அழாத அக்கா, ஐம்பத்தைந்து வயதில் என் வீட்டு ஹாலில் நின்று வாய்விட்டு அழுதார்.

மகள் புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடி வந்தாள். என்னைத்தான் கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் கையைக்கூட விரித்துவிட்டேன். என்னைத் தாண்டிப் போய் மாமியைக் கட்டிக்கொண்டாள்.