ஊதிப் பார்க்க ஓர் ஆட்டு நுரையீரல்

விஞ்ஞானம் படிப்பிக்கிறவையின்ர கைப்பை எப்பவும் ஒரு மாதிரித்தான் மணக்கும். உங்களிலை ஆராவது டீச்சர்மார் இருந்தா விளங்கும்: படம் கீறிப் படிப்பிச்சா கடைசி வாங்கிலை இருக்கிற பிள்ளையளுக்கு நித்திரை, உண்மைச் சாமானோட போனா பள்ளிக்கூட அதிபருக்கு நித்திரையில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையிலை ஒரு பொம்பிளைப் பிள்ளையள் பள்ளிக்கூடத்திலை நான் பட்ட பாடு இது.

கறிக்கா, பெரட்டலுக்கா?

நான் சுத்த சைவம். வெள்ளவத்தையிலை ஒரு முஸ்லிம் அண்ணரின்ர இறைச்சிக்கடை வாசலிலை முதல்முதலாப் போய் நிண்டு, "மூச்சுக்குழாயோட ஆட்டு நுரையீரல் ஒண்டு, கிழியாமல் தாங்கோ நானா" எண்டன். அவர் என்ர நெத்தித் திருநீறைப் பாத்தார். "கறிக்கா, பெரட்டலுக்கா?" "ஊதிறதுக்கு" எண்டன். மனுசன் கத்தியைக் கீழை வைச்சிட்டுப் பரிதாபப்பட்டுச் சொன்னார்: "ஊதத் தேவல்ல மிஸ், நல்லா அவிஞ்சா தன்னால மெதுவாகிரும்."

வெள்ளிக்கிழமை

அவசரத்திலை கிழமை பாக்கேல்லை. ஆசிரியர் அறை பிரிட்ஜிலை நான் நுரையீரலை வைச்சது, சைவசமயம் படிப்பிக்கிற கோமதி மிஸ் ஜிந்துப்பிட்டி முருகனுக்கு அபிஷேகத்துக்கு வாங்கி வைச்ச பாலுக்குப் பக்கத்திலை. அதுவும் வெள்ளிக்கிழமை! அவ பிரிட்ஜைத் திறந்து போட்ட சத்தம் கீழ்மாடிக்கும் கேட்டுது. நூறுதரம் மன்னிப்புக் கேட்டன், புதுப்பால் வாங்கிக் குடுத்தன்.

ஆனா வகுப்பிலை சைக்கிள் பம்பாலை காத்தடிக்க, சுருங்கிக் கிடந்தது பொங்கி எழும்பிச்சுதே! பிள்ளையள் வாங்கிலை ஏறி நிண்டு பாத்துதுகள். அந்த முகங்களுக்காக இன்னும் பத்துப் பேச்சு வாங்கலாம். பின்னேரம் அதிபர் கூப்பிட்டா. "இன்னும் ஒரேயொரு முறைப்பாடு வந்தா மிஸ், பிரக்டிகல் எல்லாம் நிப்பாட்டிப்போட்டு, படம் கீறிப் படிப்பியுங்கோ."

எறும்பு போன வழி

அடுத்தது எறும்பு. விறாந்தையிலை சீனி போட்டு, வரிசை வந்தாப்பிறகு நடுவிலை ஈரத்துணியாலை துடைச்சுவிட்டிட்டு, எப்படி வழி தேடுதுகள் எண்டு பாக்கிறது. கொஞ்சநேரம் திகைச்சுத் திரிஞ்சுதுகள். பிறகு புதுவழி பிடிச்சு நேரே அதிபரின்ர அறைக்கு! அந்தநேரம் பாத்து, கூட்டித் துடைக்கிற சீலா அக்கா வாளியோட வாறா. இவ போய்ச் சொன்னா கதை முடிஞ்சுது.

அவ குனிஞ்சு பாத்தா. அதிபரின்ர வாசலிலை மட்டும் சோப்புத் தண்ணியாலை ஒரு கோடு இழுத்தா, வரிசை திரும்பிட்டுது. நான் அவவைக் கட்டிப்பிடிச்சிட்டன். சிங்களம் கதைக்கிற அவ, வெக்கப்பட்டுக்கொண்டு தனக்குத் தெரிஞ்ச தமிழிலை சொன்னா: "பவ் மிஸ், பாவம், அதும் வேலதானே செய்யுது."

முறைப்பாடு

பிறகு இதயம். புனலிலை ரப்பர் குழாயைப் பூட்டி நெஞ்சிலை வைச்சுக் கேக்கிறது. வீட்டிலையும் வைச்சுப் பாருங்கோ எண்டு, முறை வைச்சுக் குடுத்துவிட்டன். அடுத்தநாள் காலமை ஒரு பிள்ளையின்ர அம்மா, தையல் கடையிலை அரைநாள் லீவு போட்டிட்டு, அதிபருக்கு முன்னாலை நிக்கிறா. பிரக்டிகலுக்குச் சங்கு ஊதியாச்சு எண்டு நினைச்சுக்கொண்டு போனன்.

"எம்மக நேத்து வீட்டுல எல்லாரு நெஞ்சுலயும் கொழாய வச்சுக் கேட்டுச்சுங்க" எண்டா. அதிபர் என்னை ஒரு பார்வை பாத்தா. "நான் அடுப்படியில நின்னுட்டேன். காலையில கொழாய ஸ்கூலுக்குக் கொண்டாந்திருச்சு. எனக்கும் ஒருக்கா கேக்கணும் டீச்சர்."

அந்த மனுசியைக் கையெடுத்துக் கும்பிடவேணும் போலை இருந்துது. ஓடிப்போய் எடுத்து வந்து நானே வைச்சுவிட்டன். கண்ணை மூடிக் கேட்டா. "பொறந்ததுல இருந்து ஒரு நாள் லீவு இல்லாமயா டீச்சர் இது அடிக்குது?" ஓம் ஓம் எண்டு நான் விளக்கம் சொல்லத் தொடங்க, அதிபர் குழாயை வாங்கித் தன்ர நெஞ்சிலை வைச்சிட்டு அதட்டினா: "கதைக்காதைங்கோ மிஸ், எனக்கு இன்னும் கேக்கேல்லை."

பிரக்டிகல் இண்டுவரைக்கும் நிக்கேல்லை. முறைப்பாட்டோட ஆர் வந்தாலும் முதலிலை இருக்க ஒரு கதிரை, பிறகு ஒரு குழாய் எண்டதுதான் இப்ப என்ர பாடத்திட்டம்.