சிஸ்ரர்கள் வராத இடம்

போன ஞாயிறு எங்கள் வீட்டில் புட்டு மிஞ்சிவிட்டது. அதுவும் இறால் குழம்போடு! எல்லாம் நானே தேடிக்கொண்ட வினை... கேளுங்கள்.

என் மகள் மைதிலி யூனிவர்சிற்றியில் மூன்றாம் வருடம். அங்கே ஒரு சொரோரிற்றியில் இருக்கிறாள். கிரேக்க எழுத்தில் பெயர் வைத்த பெண்கள் சங்கம் அது. எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே நிற ஜாக்கெட். ஒருத்தியை ஒருத்தி ‘சிஸ்ரர்’ என்றுதான் சொல்வார்கள். கூடப்பிறப்பு இல்லாத பிள்ளைக்கு இத்தனை சகோதரிகளா என்று முதலில் பூரித்துப்போனேன். ஞாயிறுகளில் மட்டும் மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவாள், எங்களோடு இருந்து சாப்பிட.

அப்படி வந்தவளை ஒரு பின்னேரம் காரில் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். கம்பஸ் வாசலில் ஒரு போஸ்ரர் — நாடகத்துக்கு நடிகர்கள் தேவையாம். இறங்கவேண்டியவள் இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மேடை ஏறினால் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவள் அல்லவா?

“போய்க் கேளன் பிள்ளை.”

“தனியவா? மை சிஸ்ரர்ஸ் ஒருத்தரும் வரமாட்டினம் அம்மா. இற்ஸ் வியர்ட்.”

“அவையள் வராட்டி உனக்குக் கால் நடக்காதே?”

“நீங்கள் மட்டும் என்ன? எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் உங்கட பள்ளிக்கூடத்து அன்ரிமாரின்ரை மேசையைத் தேடித்தானே இருக்கிறனீங்கள்?”

பொய்யா சொன்னாள்? ரொறன்ரோவில் எந்தக் கலியாண ஹோலுக்குள் நுழைந்தாலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேசை, ஊருக்கு ஒரு மேசை. பக்கத்து மேசைக்காரி என் தெருவிலேயே குடியிருப்பாள். அவளுக்கு ஒரு சிரிப்பு... அவ்வளவுதான்.

ஆனாலும் விட்டேனா?

“எனக்கு வயசு போயிட்டுது, ஒரு மேசை போதும். உனக்கேன் இப்பவே? உன்ரை சிஸ்ரர்மார் எங்கயும் ஓடமாட்டினம். அந்த ஜாக்கெட்டோடயே போ!”

முறைத்துக்கொண்டு இறங்கினாள். கார்க் கதவுதான் பாவம்.

சில நாள் கழித்து ஃபோன்.

“அம்மா, ஐ காட் இற்! சின்னப் பார்ட்தான். அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது... ஆனா சரியான பம்பல் அம்மா, ஒரே சிரிப்பு! சிஸ்ரர்ஸ் எல்லாரும் முன் வரிசையில இருந்து பாக்கப் போகினமாம்.”

எத்தனை நாளாயிற்று அவள் குரலில் அந்தத் துள்ளலைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒத்திகை எப்ப பிள்ளை?”

“ஒவ்வொரு சண்டேயும்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல? போ போ என்று தள்ளியதே நான்தானே! அப்படியிருந்தும் போன ஞாயிறு கை தன்பாட்டில் மூன்று பேருக்கு மாக் குழைத்துவிட்டது. வெளியே கார்ச் சத்தம் கேட்ட போதெல்லாம் யன்னலுக்கு ஓடினேன். “அவள் வரமாட்டாளப்பா, வந்து சாப்பிடும்” என்றார் என் மனுசன். அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிள்ளைகளை வேறு மேசைகளுக்கும் அனுப்புங்கள். நல்லது, கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் முதலில் வெறுமையாகும் கதிரை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையடியில்தான் இருக்கும்.