கட்டிலருகே இருந்த துவக்கு

துவக்கு எண்ணெய் மணக்கிறது. வேட்டைக்குப் போன அப்பாவின் கைகள் நினைவில் எழுகின்றன. கொழும்பு வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையத்தில், பயணப்பையோடு மச்சாளின் பக்கத்தில் நிற்கிறேன். கள்ளருக்காகக் கட்டிலருகே அவள் கணவர் வைத்திருந்த துவக்கு. அவர் இறந்ததோடு லைசென்ஸும் முடிந்தது. ஆமியின் தேடுதலில் அது அகப்பட்டால் தமிழ் வீட்டை யார் நம்புவார்? பாயில் சுற்றி, பழைய லைசென்ஸை மேலே ஊசியால் குத்தி, அவளே ஒப்படைக்கக் கொண்டுவந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பாயை விரிக்கிறார். துப்பாக்கிக் குழலைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். அவளை உள்ளே தள்ளிவிடுவாரோ? பெற்றுக்கொண்டதாகத் துண்டெழுதி முத்திரை குத்துகிறார்!

காலி வீதியில் அந்தத் துண்டைக் கொடிபோல் ஆட்டிக்கொண்டு நடக்கிறாள்.

"கள்ளனுக்குப் பயந்து வைச்சது, மச்சான். பிறகு துவக்குக்குப் பயந்து கள்ளனையே மறந்துபோனன்."

என் பஸ் வந்துவிடுகிறது. ஏறும்போது பின்னாலிருந்து கத்துகிறாள்:

"இனி ஆர் கதவைத் தட்டினாலும், 'வாங்கோ' எண்டுதான் திறப்பன்!"