குதிக்காலுக்குக் கீழை கிடந்த கயிறு

லண்டனிலை மரமெல்லாம் வேரோடை சாய்ஞ்ச அந்தப் பெரிய புயல் அடிச்சதெல்லே, அதுக்கு முந்தின கோடையிலைதான் இது நடந்தது. நான் அப்ப ஸ்ட்ரெதமிலை ஒரு அறையிலை நாலு பேரோடை கிடந்தனான். அந்த அறையை எடுத்துத் தந்தது ஒரு அண்ணை. சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. ஆர்ச்வே முருகன் கோயிலிலை கண்ட பழக்கம். என்ரை முதல் கோட்டும் அவர் கழட்டித் தந்ததுதான். என்ன பாரம் அது! சரி, கோட்டுக் கதையை விடுவம்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களின்ரை பழைய மாணவர் வருஷா வருஷம் இஞ்சை கிரிக்கெட் வைப்பினம். நான் மூண்டாம் வகுப்போடை நிண்டவன், அதுவும் வேறை பள்ளிக்கூடம். ஆனா என்ரை எறியைப் பாத்திட்டு ஒரு டீம் என்னையும் தங்கடை பழைய மாணவன் எண்டு பதிஞ்சிட்டுது. எல்லைக் கயிற்றடியிலை நிப்பன். அங்கையிருந்து எறிஞ்சா ஸ்டம்ப் பறக்கும். சம்பளம் ஒரு கொத்துரொட்டிப் பார்சல்.

அந்த வருஷ பைனலிலை அண்ணை எதிர் டீம். கடைசிப் பந்து, அவைக்கு அஞ்சு ரன் வேணும். அண்ணை தூக்கி அடிச்சார். நான் பின்பக்கமா ஓடிப் பிடிச்சிட்டன். பிடிக்கேக்கை குதிக்காலுக்குக் கீழை கயிறு உருண்டது. சப்பாத்து மெல்லிசு, நல்லாத் தெரிஞ்சது.

"மிதிச்சிட்டான்! சிக்ஸ்!" எண்டு அவையின்ரை ஆக்கள் ஓடி வந்தினம். "உவன் எப்பயடா பள்ளிக்கூடம் போனவன்? கள்ள மாணவன், கள்ளக் கேட்ச்!"

அண்ணை பேட்டோடை நடந்து வந்தார். "தம்பி, கால் பட்டதோ?"

"இல்லை அண்ணை. முருகனாணை."

"பிறகென்ன, அவுட்தானே" எண்டு திரும்பினார்.

அவரின்ரை டீம் கேக்கேல்லை. முதல் அடி என்ரை வலக்கையிலை, பேட்டாலை. மூண்டு விரல் முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தன், வயித்திலை உதைச்சினம். எங்கடை ஆக்கள் ஸ்டம்பைப் பிடுங்கிவந்து ஒருத்தன்ரை மண்டையைப் பிளந்தினம். கதிரை பறந்தது, போத்தில் உடைஞ்சது, வெள்ளை உடுப்பெல்லாம் ரத்தம். அப்ப அவையின்ரை பெடியன் ஒருத்தன் ஸ்டம்பின்ரை கூர்ப்பக்கத்தாலை என்னைக் குத்த ஓங்கினான். அண்ணை குறுக்கை பாய்ஞ்சார்.

"விடடா! முருகனிலை சத்தியம் பண்ணினவனையோ—"

சொல்லி முடியேல்லை. கூர் அவரின்ரை இடக்கண்ணிலை இறங்கிட்டுது.

பொலிஸ் வந்தது. ஒருத்தரும் ஒண்டும் காணேல்லை எண்டம். அண்ணையும் தான் தடக்கி விழுந்ததெண்டார். கண் போயிட்டுது.

என்ரை விரல் கோணலாப் பொருந்திச்சுது. எறிய ஏலாது. அடுத்த வருஷம் டீம்காரர் மட்ச் வர்ணனை சொல்ல மைக்கைத் தந்தினம். "கயிற்றடியிலை கத்தினது காணும், மேசையடியிலை இருந்து கத்து." கத்தினன். சில வருஷத்தாலை டூட்டிங்கிலை ஒரு கடைக்கு மேலை தமிழ் ரேடியோ துவங்கினவை, கிரிக்கெட் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டவை.

ஒருநாள் நிகழ்ச்சி போகேக்கை ஒரு போன். "தம்பி, நான்தான். ஒரு கண்ணாலை டிவி பாக்கிறதிலும் உன்ரை வாயாலை கேக்கிறது திறம். அந்தக் கேட்சை ஒருக்காச் சொல்லன், சனம் கேக்கட்டும்."

சொன்னன். ஓடினன், பிடிச்சன், கயிறு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது எண்டன்.

"கேட்டியளே? நான் அப்பவே சொன்னனான்!" எண்டு சிரிச்சார்.

மைக்கை அடிச்சு நொருக்கவேணும் போலை கிடந்தது. கோணல் விரலாலை மேசையிலை குத்தினன். ரேடியோவிலை அந்தச் சத்தமும் போனது.

பிறகு அவரைக் கோயிலிலை காணேல்லை. பிள்ளையளோடை கனடாவுக்குப் போயிட்டார் எண்டு ஆரோ சொல்லிச்சினம். இடக்கண் இல்லாத, நல்லாச் சிரிக்கிற அந்த மனுசனை நீங்கள் எங்கையும் கண்டா ஒண்டைச் சொல்லிவிடுங்கோ: கயிறு என்ரை காலுக்குக் கீழைதான் கிடந்தது. அது சிக்ஸ், அண்ணை. வெண்டது நீங்கள்.