ஏலத்தில் திரும்பி வந்த மாத்திரைகள்

1955-இல் எனக்கு ஐம்பத்தெட்டு வயது. கிருஷ்ணகிரி–ஓசூர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் ஓயாத குத்தல். சூளகிரி ரோட்டுப் பள்ளங்களின் வேலை என்று தைலம் தடவிக்கொண்டேன். ஒருநாள் சீட்டைவிட்டு எழவே முடியவில்லை. கண்டக்டர்தான் மூட்டை மாதிரி என்னைத் தூக்கி இறக்கினார்.

பெங்களூர் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டினார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் புற்று. எலும்புக்கும் பரவிவிட்டதாம். தலையில் இடி விழுந்தது. “ஆண்டவரே, எத்தனை பேரை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தேன், என்னை நடுவழியில் இறக்கிவிடுகிறீரா?” என்று அழுதேன்.

இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஆபரேஷன் செய்து விரைகளை எடுத்துவிடுவது. இல்லையென்றால் மாத்திரை. அது பெண்களின் உடம்பில் ஊறுகிற சத்தைப் போன்றதாம். மீசை வைத்த எனக்கா! திகைத்துப்போனேன்.

“முழுசா குணமாகாது. வலி அடங்கும், நோய் கொஞ்ச காலம் கட்டுப்படும். நீங்களா நிறுத்திடாதீங்க” என்றார்.

மாத்திரைதான் என்றேன். என் மனைவி சலோமி உபவாசமிருந்து ஜெபித்தாள். சில வாரங்களில் வலி போனது. ஆனால் மார்பு வீங்கியது. பஸ் ஷெட்டில் சிரித்தார்கள். கர்த்தர்தான் குணமாக்கிவிட்டாரே, இனி மாத்திரை எதற்கு, அது விசுவாசக் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வெட்கத்துக்குத்தான் விசுவாசம் என்று பெயர் வைத்தேன்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கைகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கேழ்வரகுக் கட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில், குணமாகிவிட்டேன் என்று சாட்சி சொல்லி, என் மாத்திரை பாட்டிலை வைத்தேன். அல்லேலூயா என்றார்கள். ஏலம்விட்டவர் அதைத் தூக்கிப் பிடித்தபோது யாரும் விலை கேட்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து சலோமி எழுந்தாள். “அத எங்கிட்ட குடுங்க. பதிலுக்கு எங்கூட்டுக் கோழிய எடுத்துக்குங்க.”

சபை நடுவே என் மானத்தை வாங்கிவிட்டாள். பல நாள் அவளோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து, விடிந்ததும் பாயிலிருந்து எழ முடியவில்லை. அதே குத்தல், இன்னும் கொடூரமாக. நான் குணமானவன் என்று சொல்லித் திரிந்தேனே! “ஆண்டவரே, நீர் தந்ததை வீசிவிட்டேன். இன்னொரு தடவை கை நீட்டும்” என்று கதறினேன்.

கண்ணைத் திறந்தால் சலோமி நிற்கிறாள். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் மாத்திரை.

“கேவுரு பானைல வெச்சிருந்தன். உங்க காணிக்கைக்கு கோழி போயாச்சு. இது ஆண்டவரு குடுத்தது. வாயத் தொறங்க.”

மூன்று வாரத்தில் நடந்தேன். டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார், தொடர்ந்து சாப்பிடச் சொன்னார்.

நோய் ஒழிந்தது என்று நான் சாட்சி சொல்லவில்லை. உள்ளேதான் இருக்கிறது. எத்தனை வருஷம் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் ஓட்டுவதில்லை, ஷெட்டில் கண்டக்டர்களுக்கு டிக்கெட் கட்டுக் கொடுக்கிறேன். மார்பை மறைக்கத் துண்டு போடுவதையும் விட்டுவிட்டேன். உங்களில் யாராவது நோயைச் சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால், ஜெபியுங்கள். ஜெபித்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். ஆண்டவர் எந்தக் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருஷப் பண்டிகைக்கு நானே ஒரு கோழி கொண்டுவருகிறேன். பாட்டில் வீட்டிலேயே இருக்கும்.