ரசேமாவுக்கு ஒரு சாட்சி

இது கட்டுக்கதை இல்லை. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் என்னைக் கேலி செய்துகொள்ளுங்கள். எனக்கு வந்தது பட்டப்பகலில், இரண்டு நாற்பதுக்கு. பார்த்தது நான் மட்டுமில்லை, மிர்சாடாவும் பார்த்தாள்.

என் பெயர் செனியா. திரினா ஆற்றங்கரையில் மிர்சாடா நடத்தும் மையத்தில் தட்டச்சு வேலை. போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் அங்கே வருவார்கள். வெளியே பலகையில் தையல் வகுப்பு என்றுதான் போட்டிருக்கும். இல்லாவிட்டால் யார் படியேறுவார்கள்? எங்களுக்கு ஒரு விதி உண்டு. வந்தவளுக்கு முதலில் காபி. பெயர், அடையாள அட்டை எல்லாம் அவள் பேசி முடித்த பிறகுதான். அட்டையைக் கேட்டதும் எழுந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

2011 நவம்பரில், போரில் பாதிக்கப்பட்டோருக்கான உதவித்தொகை கேட்டு ரசேமா போட்ட மனு திரும்பி வந்தது. தொண்ணூற்றிரண்டில் மர ஆலைக் கிடங்கில் பதினோரு நாள் அடைத்து வைக்கப்பட்டவள். பத்தொன்பது வருஷம் கழித்து இப்போதுதான் வாய் திறந்திருக்கிறாள். கூட இருந்தவர் யாராவது சாட்சி சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். யாருமில்லை என்று அவள் சொன்னாள். நான் அதையே தட்டினேன்.

நான் இருந்தேன். அதே கிடங்கில். உள்ளே கும்மிருட்டு, எனக்குப் பத்தொன்பது வயது, அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் குரலை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவருக்கே தெரியாத விஷயம் இது. நீங்கள் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று வருகிறவர்களிடம் தினமும் சொல்கிற வாய், எனக்காக மட்டும் திறக்கவில்லை. அந்த வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. உட்கார்ந்தால் மனசு எழச் சொல்லும், எழுந்தால் உட்காரச் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை. வெளியே நல்ல மழை. மணி 2:40. கதவுச் சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண். முப்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. தொண்ணூற்றிரண்டில் இவளுக்கு என்ன வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

"ரசேமாவுக்காக வந்திருக்கேன்," என்றாள்.

மிர்சாடா காபி கொண்டுவந்து வைத்தாள். காலில் வெறும் ரப்பர் செருப்போடு இந்தக் குளிரில் வந்தாயா என்று அவளைச் செல்லமாகத் திட்டிவிட்டுப் போனாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

தலைத்துணியில் ஒரு சொட்டு ஈரமில்லை. தரையில் தடமும் இல்லை...

2:52. பேச ஆரம்பித்தாள். ஏற்ற இறக்கம் இல்லாத குரல். தன்னையும் ரசேமாவையும் ஒரே வண்டியில் கொண்டுபோனார்களாம். ஜன்னலில் அடித்திருந்த பலகைகள், ரசேமா கிடந்த சுவர், எந்த நாளில் யாரை வெளியே இழுத்தார்கள்... எல்லாம் சரி. எனக்குத் தெரியும், எல்லாமே சரி.

3:31.

"நாலாம் நாள் ஒரு பொண்ணக் கொண்டாந்தாங்க. மஞ்சள் ஸ்வெட்டர். மணி என்ன, மணி என்னன்னு கேட்டுக்கிட்டே என் பக்கத்துல கெடந்துச்சு."

என் விரல்கள் நின்றன.

டக்... டக்... சுவர்க் கடிகாரம் மட்டும்.

"எழுதும்மா," என்றாள்.

எழுதினேன்.

பதினோராம் நாள் வரை சொன்னாள். ஹாட்கா என்று கையெழுத்துப் போட்டு, ஊரையும் சொன்னாள். அட்டை எண் கேட்க நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

4:10.

காபியில் நுரைகூடக் கலையவில்லை.

எண் இல்லாத வாக்குமூலம் செல்லாது. மறுநாள் காலை பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. வேறு சாட்சி கிடைத்துவிட்டது, நான் தப்பித்தேன். வெட்கங்கெட்ட நிம்மதி.

ஹாட்காவின் தம்பி இப்ரோ வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கையெழுத்தைக் காட்டினேன். அக்காவுடையதுதான் என்றார். அக்காவைப் பார்க்க வேண்டுமே என்றேன். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு எதிரே மேட்டைக் காட்டினார். வரிசையாக வெள்ளைக் கல்லறைக் கற்கள்.

"தொண்ணூத்திரெண்டுலயே கொன்னுட்டாங்கம்மா. மர ஆலைக் கெடங்குல."

எந்த நாள் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"உள்ள கொண்டுபோன மூணாம் நாள். பொதச்ச ஆளே வந்து சொன்னான்."

மூன்றாம் நாள்...

என்னைக் கொண்டுபோனது நான்காம் நாள்.

செத்தவள் சாட்சி எந்த அலுவலகத்திலும் செல்லாது. ரசேமாவுக்குச் சாட்சி சொல்ல உயிரோடு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டேன். கணவர் வெளியே போய் வெகுதூரம் நடந்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வியாழன் காலை 10:15. நான் சொல்ல, மிர்சாடா தட்டினாள். ரசேமா பக்கத்தில் இருந்தாள். "நீயா அது?" என்று மட்டும் கேட்டு, என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கையெழுத்துப் போட்டதும் அவளுக்கு நன்றி சொன்னேன். இத்தனை வருஷமாகச் சொல்லாத நன்றி. அங்கே ராத்திரியெல்லாம் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாளே, அதற்காக.

ரசேமாவின் கை சில்லிட்டது.

"நான் இல்லடி. என்னைத்தான் சுவரோட கட்டிப் போட்டிருந்தாங்களே."



அந்த மடி சூடாக இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.