கவுஸ் பாஷாவின் பின்சீட்டு

ஆம்பூரில் கவுஸ் பாஷா தரம் பிரிக்காத பொருள் கிடையாது. தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலையே அதுதான். மேசைமேல் வந்து விழும் ஒவ்வொரு தோலையும் தடவி, மடக்கி, மூக்கருகே கொண்டுபோய், ஏ, பி, ரிஜெக்ட் என்று மூன்று அடுக்காகப் போடுவார். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. கல்யாண வீட்டுப் பிரியாணி பி. மகள் இரமின் புருஷன், பார்க்க ஏ மாதிரி இருக்கும் பி. பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தேவானந்தம் நல்ல மனுஷன்தான், ஆனால் ரசனையில் ரிஜெக்ட்.

தேவானந்தத்துக்கு இந்த முத்திரை விழக் காரணம் கார். இருவரும் ஒரே மாதிரி வெள்ளைக் கார் வாங்கியிருந்தார்கள். தேவானந்தம் கம்பெனி கொடுத்த துணி சீட்டிலேயே உட்கார்ந்து ஓட்டினார். சாக்குப் பைமேல் உட்கார்ந்து போவதற்குக் கார் எதற்கு என்பது கவுஸ் பாஷாவின் கேள்வி. அவரோ, வெளிநாட்டு ஆர்டருக்குப் போகவேண்டிய, ஓரத்தில் ஒரு சின்னத் தழும்புக்காக நின்றுபோன தோலை முதலாளியிடம் விலைக்குக் கேட்டு வாங்கினார். பின்சீட்டில் உட்காரும் பாகம், சாயும் பாகம் இரண்டையும் சேர்த்து, நடுவில் ஒரு தையல்கூட இல்லாமல், ஒரே தோலாக இழுத்து ஷூ பசையால் ஒட்டினார். அழுக்காகிவிடக் கூடாதென்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டார். பிளாஸ்டிக் சுடுகிறதென்று அதன்மேல் பெட்ஷீட் விரித்தார். ஆக, அந்தக் காரில் ஏறிய யாரும் தோல்மேல் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தது பெட்ஷீட்மேல், கேட்டது தோலின் பெருமை.

ஒருநாள் கார் கம்பெனியிலிருந்து இருவர் போனுக்கும் செய்தி வந்தது. இந்த மாடலில் பெட்ரோல் பம்ப்பின் மூடி விரிசல் விடுகிறது, பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கலாம், உடனே கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை வண்டியை வீட்டையொட்டி நிறுத்தாதீர்கள். தேவானந்தம் மறுநாளே வேலூர் போய் மாற்றிக்கொண்டு வந்தார். கவுஸ் பாஷா போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பம்ப் எங்கே இருக்கிறது? பின்சீட்டுக்கு அடியில் என்றார்கள். சீட்டைத் தூக்கவேண்டும் என்றார்கள். ஒரே தோலாக ஒட்டிய சீட்டைத் தூக்கவேண்டுமென்றால் அறுத்தாக வேண்டும். அந்த நிமிஷமே இது கம்பெனிக்காரனின் சதி என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"பாய், சும்மாதானே பண்றாங்க, போய்ட்டு வந்துடுங்க," என்றார் தேவானந்தம், மதில்மேல் கைவைத்து.

"சார், சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்னு பாக்கணும்."

சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் விடாமல் கூப்பிட்டாள். கார் நெமிலியில் உறவுக்காரர் வீட்டில் இருக்கிறது என்றார். அடுத்த முறை அரக்கோணம் போயிருக்கிறது என்றார். இன்னொரு முறை, வாய் தவறி, சோளிங்கர் மலைக்கே அனுப்பிவைத்தார். அத்தனை நாளும் கார் அவர் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் நின்றது.

காரில் ஒரு வாடை அடிக்கிறதென்று மனைவி தில்ஷாத் ரம்ஜானிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அது தோலில் அடித்த ஃபினிஷ் வாசனை, அசல் தோல் அப்படித்தான் மணக்கும் என்று கவுஸ் பாஷா அடக்கிவிட்டார். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த இரம், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வாந்தியெடுத்தாள். அதற்கு மசக்கை என்று பெயர் வைத்தார்.

தில்ஷாத் நிதானமாகக் கேட்டார். "எனக்கும்தான் கொமட்டுது. அப்போ எனக்கும் மசக்கையா?"

இரம் குறுக்கே புகுந்தாள். "அப்பா, டெலிவரிக்கு நான் தேவானந்தம் சார் கார்ல போறேன். கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. குழந்தையோட திரும்பி வர்றதும் அதுலதான்."

தீப்பிடிக்கும் என்றதற்கு அசையாதவர் இதற்கு ஆடிப்போனார். முதல் பேரப்பிள்ளை, சாக்குத் துணியில் படுத்து வீட்டுக்கு வருவதா? அன்றே சர்வீஸ் சென்டருக்கு அவரே போன் செய்து, வீட்டுப் பெண்கள் சொல்லும் வாடையையும் சொன்னார். வாடை அடிக்கிறதென்றால் வண்டியைக் கிளப்பவே வேண்டாம் என்று அந்தப் பெண் லாரி அனுப்பினாள். லாரியின் முதுகில் கார் ஏறி, பஜார் வழியாக, மாப்பிள்ளை ஊர்வலம் போலப் போனது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவுஸ் பாஷாவுக்குத் தேவானந்தம் வாசலில் நின்று கைகாட்டினார்.

வேலூரில் மெக்கானிக் கலீமுல்லா பெட்ஷீட்டை நீக்கி, பிளாஸ்டிக்கை உரித்து, தோலைப் பார்த்து ஒரு விசில் அடித்தான். பிறகு பிளேடை எடுத்தான். கவுஸ் பாஷா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வெட்னா கோணலாப் போவும். குடு."

சீட்டு மடிகிற இடத்தில் ஒரே இழுப்பில் வெட்டினார். கலீமுல்லா சீட்டைத் தூக்கினான். அடியிலிருந்த பஞ்சு ஊறிப்போய்ப் பளபளத்தது. அவன் சட்டென்று எல்லோரையும் பின்னால் தள்ளி, போன்களை வெளியே கொண்டுபோகச் சொன்னான்.

"இன்னா பாய், வாடையே தெர்லயா உங்களுக்கு?"

வெட்டிய தோலின் ஓரம் இன்னும் அவர் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. பெட்ரோலும் இல்லை, தோலும் இல்லை. தொழிற்சாலையில் தின்னர் நெடியில் நின்ற காலத்தில் எப்போதோ மூக்கு போயிருக்கிறது, இத்தனை நாள் நினைவில் இருந்த வாசனையைத்தான் முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். அந்த ஊறிய பஞ்சின்மேல் இரமை உட்காரவைத்து, ஜன்னலை மூடு, ஏசி வீணாகிறது என்று அதட்டியதும் நினைவுக்கு வந்தது. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். யாரோ டீ கொடுத்தார்கள். குடிக்காமல் வைத்திருந்தார்.

புது பம்ப்போடு, புதுப் பஞ்சோடு கார் திரும்பி வந்தது. தோலை மறுபடி ஒட்டவில்லை, வெட்டிய இடத்தில் ஜிப் வைத்துத் தைத்தார். கதவைத் திறந்துவைத்து மகளைக் கூப்பிட்டார்.

"வாசனை பாத்துச் சொல்லும்மா."

இரம் தலையை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்துப் பார்த்தாள். "பாஸ்."

தில்ஷாத் பெட்ஷீட்டையும் பிளாஸ்டிக்கையும் சுருட்டித் திண்டுபோல் ஓரமாகப் போட்டு, முதல்முறையாகத் தோல்மேல் சாய்ந்து உட்கார்ந்தார். "தோல் ஏ கிரேடுதான். மூக்குதான் ரிஜெக்ட்," என்றார்.

அந்தச் சீட்டில்தான் பேரன் வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்தான். பள்ளிகொண்டா தாண்டும் முன்பே, பிறந்த குழந்தைகள் செய்கிற காரியத்தை, சுற்றியிருந்த துணியையும் மீறி, அந்தத் தோலின் நட்டநடுவில் செய்து முடித்தான். பெண்கள் இருவரும் அவசரமாக ஜன்னல்களை இறக்கினார்கள். முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கவுஸ் பாஷா, கண்ணாடியில் பேரனைப் பார்த்து, "ஏ கிரேடு," என்றார்.